சம்பளம் வாங்கிப் படித்தவள்

1977-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். தங்க விடுதி கொடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள். மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பயிற்சிப் படியும் கொடுத்தார்கள். செரண்டாவுக்கு உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் இதைச் சொன்னபோது லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் நம்பவில்லை. "படிக்கிற புள்ளைக்கு எவன்டி சம்பளம் குடுப்பான்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்டார்கள். பாதிப் பணத்தை அப்பா பெயருக்கு அனுப்பிய பிறகுதான் நம்பினார்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்தப் பணம் என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்து மளிகைக் கடையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு 555 நோட்டுப் புத்தகம் உண்டு. அரிசி, பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய், தீபாவளிக்கு எடுத்த துணி எல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று கொஞ்சம் கழியும். மறுநாள் காலையிலேயே மறுபடி ஏறத் தொடங்கும். மழை மாதங்களில் பால்வெட்டு நின்றுபோனால் ஏறுவது மட்டும்தான், கழிவதே இல்லை. தாத்தா காலத்துப் பாக்கியை அப்பா சுமந்தார். நான் இரண்டாம் ஆண்டு பயிற்சியில் இருந்தபோது அந்தப் புத்தகத்தில் எங்கள் பாக்கி முழுதாகத் தீர்ந்தது. ஒரு பெண்பிள்ளை மருத்துவத் துறையில் படித்தாள், அதனால் ஒரு குடும்பத்தின் கடன் அடைந்தது.

இப்போது என் அண்ணன் பேத்திக்குப் பதினெட்டு வயது. ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை நன்றாகச் செய்திருக்கிறாள். பிசியோதெரபி படிக்க ஆசைப்படுகிறாள். தனியார் பல்கலைக்கழகம் ஒன்று கொடுத்த கட்டணத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஓராண்டு அடிப்படைப் படிப்பு, நான்காண்டு பட்டப்படிப்பு, இதர செலவுகள் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சம் வெள்ளி. அவள் ஒரு நோயாளியின் முழங்காலைத் தொடுவதற்கு முன்பே அவள் தலையிலும் அவள் அப்பா தலையிலும் அந்தத் தொகை ஏறிவிடும்.

எங்கள் தலைமுறை மூத்தவர்கள் தாமானிலும் கோவிலிலும் இன்றும் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்: "மருத்துவ வேலைக்குப் படி, சோத்துக்குக் கவலையில்லை." 1977-இல் அது முழு உண்மை. அந்த உண்மையை யார் காசு கொடுத்துத் தாங்கினார்கள் என்பதை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் வாக்கை மட்டும் கையில் கொடுப்பது அவர்களுக்குச் செய்கிற தீங்கு என்று நினைக்கிறேன்.

தோட்டத்தில் எனக்குத் தெரிந்த முதல் மருத்துவம் டிரசர் ஐயாதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும் மருந்துக் கொட்டகையைத் திறப்பார். காய்ச்சலுக்கு மிக்சர், வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து. பிரசவ வலி என்றால் இரவிலும் விளக்கைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்து வருவார். கங்காணியிடம் பேசத் தயங்குகிற பெண்கள்கூட அவரிடம் பேசுவார்கள். அவருக்குச் சம்பளமும் வீடும் தோட்ட நிர்வாகம் கொடுத்தது. இரக்கத்தால் மட்டும் கொடுக்கவில்லை. காய்ச்சலில் விழுந்தவன் பால்வெட்ட வரமாட்டான் என்பது துரைகளுக்குத் தெரியும். தொழிலாளரின் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு என்று சட்டமும் சொன்னது. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவுசெய்யத் தனிச்சட்டமே வந்தது. வேலை தெரிந்த கை யாருக்குத் தேவையோ, அவர்கள் அந்தக் கைக்குச் செலவு செய்தார்கள்.

அரசாங்க மருத்துவமனையும் அப்படித்தான் நடந்தது. நாடு முழுக்க வார்டுகளும் கிராமத்துச் சுகாதார நிலையங்களும் பெருகிக்கொண்டிருந்த காலம். தாதிகள் வேண்டும், அதனால் தாதிகளைத் தாங்களே உருவாக்கினார்கள். படிப்பு முடிந்ததும் அரசாங்கத்தில் இத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். அந்த ஒப்பந்தம் எங்களுக்குப் பாரமாகவே தெரியவில்லை. வேலை உண்டு என்று முத்திரை குத்திய தாள் அது. மூன்றாண்டுப் பயிற்சியில் பாதி நாள் வார்டில்தான் இருந்தோம். படுக்கை விரித்தோம், பெட்பேன் தூக்கினோம், இரவுப் பணி பார்த்தோம். கற்றுக்கொண்டே உழைத்தோம், உழைத்ததற்குத்தான் படி வாங்கினோம். இலவசமாகப் படித்தோம் என்று சொன்னால் அது முழு நியாயம் ஆகாது.

எல்லோருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நான் 1957 செப்டம்பரில் பிறந்தேன். மெர்டேகா என்ற நாட்டு விடுதலைக்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்ததால் சட்டப்படியே குடியுரிமை வந்தது, நீல அடையாள அட்டை கிடைத்தது. மெர்டேகாவுக்கு முன்னால் பிறந்த என் அண்ணனுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. அவருக்குப் படிப்பில் என்னைவிடக் கூர்மை அதிகம். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்று வந்தபோது தோட்டங்களிலிருந்து ஏறத்தாழ 60,000 பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். எங்கள் லயத்திலும் வீடுகள் காலியாயின. அண்ணன் போகவில்லை, பள்ளியை விட்டுவிட்டுப் பால்வாளி தூக்கினார். நீல அட்டை அவர் கைக்கு வந்தபோது படிக்கிற வயது போய்விட்டது. நான் தமிழ்ப்பள்ளி, ரிமூவ் என்ற புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளி என்று படித்துத் தாதியானேன். எனக்குப் பஸ் காசு கொடுத்தது அண்ணன்தான். அவர் பிள்ளைகளின் படிப்பில் நான் இவ்வளவு தலையிடுவதற்குக் காரணமும் அதுதான்.

தொண்ணூறுகளில் ஊர் மாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. சுங்கை சோவில் பெரோடுவா கார்த் தொழிற்சாலை எழுந்தது. அண்ணன் குடும்பம் லயத்தைவிட்டு புக்கிட் செந்தோசாவில் மலிவுவிலை வீட்டுக்கு மாறியது. தோட்டம் போனபோது மருந்துக் கொட்டகையும் போனது, ஆயாக்கொட்டகையும் போனது. வீட்டுக்கு மாதத் தவணை, தண்ணீர், மின்சாரம், மோட்டார் சைக்கிள் எல்லாம் அவரவர் பாடு. கூட்டுக்காசும் வட்டிக்காசும் 555 புத்தகத்தின் இடத்தைப் பிடித்தன. அப்படிப்பட்ட நாளில்தான் படிப்புக்கும் கடன் வந்தது.

பி.டி.பி.டி.என். என்று நாம் சொல்லும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997-இல் சட்டம் 566-இன்கீழ் அமைந்தது. அதைத் திட்டுகிறவர்கள் நம்மிடையே நிறைய. நான் திட்டமாட்டேன். அதற்கு முன்னால் உபகாரச் சம்பளம் கிடைக்காத தோட்டத்துப் பிள்ளை பட்டப்படிப்பை நினைத்துப் பார்க்கவும் முடியாது. நிலம் உள்ளவர் நிலத்தை விற்றார், ஒன்றும் இல்லாதவர் பிள்ளையை வேலைக்கு அனுப்பினார். கடன் கழகம் வந்த பிறகு செரண்டாவிலிருந்தும் பத்தாங் காலியிலிருந்தும் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் பட்டதாரிகளானார்கள். தொடக்கத்தில் இருந்த சேவைக் கட்டணம் பிறகு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற கட்டணமாகக் குறைந்தது. எந்த வங்கியும் அந்த விலைக்குக் கடன் தராது. முதல் வகுப்பில் தேறி, நிபந்தனைகளுக்கு உட்பட்டவர்களுக்குக் கடனையே தள்ளுபடி செய்கிறார்கள்.

கடன் கொடுத்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் கடனைக் காட்டி வாசலில் நின்று பிள்ளை பிடித்தவர்கள்மேல்தான் கோபம்.

2008-இல் அண்ணன் மகளை அப்படித்தான் ஒரு தனியார் தாதிமைக் கல்லூரி பிடித்தது. கோவில் திருவிழாவுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடையில் சிரிக்கிற பெண்களின் படம். "கட்டணத்தைப் பத்திக் கவலையே வேணாம், எல்லாம் லோன்ல வந்துடும், கையெழுத்து போட்டா போதும்" என்று அந்த ஏஜெண்டு சொன்னான். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்த மருத்துவமனையில் பயிற்சி என்று அவன் சொல்லவில்லை. நாட்டில் அப்போது இப்படிப்பட்ட கல்லூரிகள் ஏராளமாக முளைத்திருந்தன. தாதிகளுக்குத் தட்டுப்பாடு என்று சொல்லித்தான் அவற்றைத் திறந்தார்கள். 2011-இல் அவள் டிப்ளோமா வாங்கி வெளியே வந்தபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதே டிப்ளோமாவோடு வேலையில்லாமல் நின்றார்கள். அரசாங்கம் தன் சொந்தப் பயிற்சிக் கல்லூரிப் பிள்ளைகளை எடுத்தது. தனியார் மருத்துவமனைகள் அனுபவம் கேட்டன. வார்டில் நிற்கவிடாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? புதிய தாதிமைப் படிப்புகளுக்குத் தாமதமாகத்தான் கடிவாளம் போட்டார்கள், சேர்க்கைத் தகுதியை ஐந்து கிரெடிட்டாக உயர்த்தினார்கள். அதற்குள் இந்தப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள்.

அவள் கடன் 48,000 வெள்ளி. ஆண்டுக்கு 1 விழுக்காடு, பதினைந்து ஆண்டு என்று கணக்குப் போட்டால் 55,200. மாதத் தவணை 306 வெள்ளி 67 காசு. கிடைத்த வேலை ரவாங்கில் ஒரு கிளினிக்கில், மாதம் 1,200. சேமநிதிக்கு 11 விழுக்காடும் சொக்சோ காப்புறுதியும் போகக் கைக்கு வருவது 1,060 சொச்சம். அதில் தவணையைக் கட்டினால் மிச்சம் 750. பஸ், சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம் அதற்குள். படிப்பு முடிந்து ஆறு மாதத்தில் தவணை தொடங்க வேண்டும் என்பது அன்றைய விதி. வேலை கிடைத்ததா, எவ்வளவு சம்பளம் என்று அந்த விதி கேட்காது. பல மாதம் அவள் கட்டவில்லை. கட்ட முடியவில்லை.

அவளோடு தமிழ்ப்பள்ளியில் படித்த பக்கத்து வீட்டுப் பையன் எஸ்.பி.எம். முடித்ததும் தொழிற்சாலைக்குப் போனவன். அவள் டிப்ளோமா வாங்கிய நாளில் அவனுக்கு மூன்று ஆண்டு சம்பளம் கைக்கு வந்திருந்தது, ஓவர்டைம் வேறு. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தான், தங்கைக்கு நகை சேர்த்திருந்தான். ஊரில் சிலர் அண்ணனிடம் வந்து, "படிக்க வச்சி என்ன கண்டீங்க?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "தங்கச்சி, நான் தப்பா ஏதும் செஞ்சிட்டேனா?" என்று கேட்டார். தான் படிக்க முடியாமல் போனவர், மகளைப் படிக்க வைத்ததற்காக வெட்கப்பட்டு நின்றார். அந்தக் கேள்வியை அவர் வாயில் வரவைத்தவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.

சிங்கப்பூர் மருத்துவமனைகள் மலேசியத் தாதிகளை எடுத்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு மாதச் சம்பளத்தை நம் வெள்ளிக்கு மாற்றினால் இங்கே பல மாதச் சம்பளம். ஆனால் அந்நாளில் கல்விக்கடன் பாக்கி வைத்தவர்கள் நாட்டைவிட்டு வெளியே போகத் தடை இருந்தது. கடனை அடைக்க வழியுள்ள ஊருக்குப் போவதற்கு, முதலில் கடனை அடைத்திருக்க வேண்டும். அந்தப் பயணத் தடையை 2018-இல்தான் நீக்கினார்கள். அவள் வேறு வழியில் மேலே வந்தாள். ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் சேர்ந்து, சிறுநீரகப் பராமரிப்பில் மேற்பயிற்சி எடுத்தாள். நம் மக்களிடையே சர்க்கரை நோய் எவ்வளவு என்பது டயாலிசிஸ் நாற்காலிகளில் தெரியும். அந்த வேலைக்குக் குறைவே வராது. பத்தாண்டு கழித்து 3,000-ஐத் தாண்டினாள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று அறிவித்த ஒரு சமயத்தில் சேமித்ததையெல்லாம் போட்டுக் கடனைத் தீர்த்தாள். இன்று ஊரில் ஒருவருக்கு ஊசி போடவேண்டும், கட்டு மாற்றவேண்டும் என்றால் மிஸியைக் கூப்பிடு என்று அவள் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்புகிறார்கள். அவள் படிப்பு வீணாகவில்லை. ஆனால் இருபதுகளில் ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டிய தெம்பு அந்தத் தவணைகளோடு போய்விட்டது. திருமணப் பேச்சுகளில்கூட முதலில் கேட்டது கடன் எவ்வளவு என்பதைத்தான்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. 2023-இல் தாதிகள் போதவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுத் தாதியரை அமர்த்த அரசாங்கம் அனுமதி கொடுத்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்னால் நம் பிள்ளைகள் டிப்ளோமாவைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் கவுண்டரில் டோக்கன் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அலுத்துப்போய்க் காப்புறுதி விற்கவும் கடைகளில் நிற்கவும் போய்விட்டார்கள். தங்கியவர்களில் திறமைசாலிகள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போனார்கள். தன் காசில் படித்தவர்களை இங்கேயே இரு என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? என்னைக் கட்டிவைத்தது ஒப்பந்தம். எனக்குச் செலவு செய்ததால் அவர்கள் அதைக் கேட்டார்கள், வாங்கியதால் நான் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் அதே துறையில் இருந்தேன்.

மருத்துவர்களுக்கும் இதே கதைதான். 2016 கடைசியில் அரசாங்க மருத்துவமனைகளில் புதியவர்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26 அன்று, பெருந்தொற்றின் நடுவில், ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்புச் சட்டையோடு ஹர்த்தால் செய்தார்கள். லட்சக்கணக்கில் செலவுசெய்து பிள்ளைகளை டாக்டராக்கிய பெற்றோர் அன்றுதான் நிரந்தர வேலை என்ற சொல்லுக்கு இனி என்ன பொருள் என்று கேட்டார்கள்.

வெளிநாட்டிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் தாதிமை மாணவர்களுக்குக் கொடுத்துவந்த உதவித்தொகையை 2017-இல் நிறுத்திவிட்டுக் கடனுக்கு மாற்றினார்கள். விண்ணப்பங்கள் குறைந்தன. 2020-இல் ஆண்டுக்கு 5,000 பவுனாவது திருப்பித் தராத மானியமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் 1989 முதல் பல்கலைக்கழகக் கடனைச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் வரியோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். நம் நாட்டிலும் 2018 தேர்தலில், 4,000 வெள்ளி சம்பளம் வரும்வரை திருப்பிச் செலுத்த வேண்டாம் என்று ஒரு வாக்குறுதி இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் ஒத்திவைத்தார்கள். 4,000 என்ற எண் சரியா இல்லையா என்பது வேறு பேச்சு. சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு கட்டு என்ற நியாயம் சரியானது. அதை வலியுறுத்த நமக்குக் குரல் வேண்டும்.

அது வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அண்ணன் பேத்தியின் கட்டணத் தாளுக்கு வருகிறேன்.

அவளையும் அண்ணன் மகனான அவள் அப்பாவையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். ஒரு லட்சத்தில் 60,000 கல்விக்கடன், மிச்சம் 40,000-க்கு அவள் அப்பாவின் சேமநிதி. 60,000-க்கு உஜ்ராவும் சேர்த்து இருபது ஆண்டில் 72,000 கட்ட வேண்டும். மாதம் 300. அவள் இருபத்து மூன்றில் பட்டம் வாங்கினால் நாற்பத்து மூன்றில் கடன் முடியும். ரவாங், சுங்கை பூலோ பக்கம் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த பிசியோதெரபி பிள்ளைகள் சிலரைக் கேட்டு வைத்திருந்தேன். தொடக்கச் சம்பளம் 2,200, 2,400 என்றார்கள். 2,300 என்று வைத்தால் பிடித்தம் போக 2,030 கைக்கு வரும், தவணை போக 1,730.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. எஸ்.பி.எம். முடித்ததும் வேலைக்குப் போகிற பிள்ளை அந்த ஐந்து ஆண்டில் 1,02,000 சம்பாதித்திருக்கும். அதை அவள் இழக்கிறாள், மேலே ஒரு லட்சத்தைச் செலவும் செய்கிறாள். இரண்டு லட்சம். பட்டத்தால் தொடக்கத்தில் கூடுதலாகக் கிடைப்பது மாதம் 600. சம்பளம் ஏறாமல் அப்படியே நின்றால் அந்த இரண்டு லட்சத்தை எட்ட இருபத்தேழு ஆண்டுக்கு மேல் ஆகும். சம்பளம் ஏறும், நிற்காது. ஐந்தாறு ஆண்டு அனுபவத்தில் நல்ல இடத்தில் இருப்பவர் இரட்டிப்பாகவும் வாங்கலாம். தனியாக நிலையம் வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஏறுவதற்கு முன்னால் வரும் முதல் ஐந்து ஆண்டைத் தாங்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதுதான் தோட்டத்துக் குடும்பங்களின் கேள்வி. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஐந்து ஆண்டைத் தாண்ட அப்பாவின் வீடு இருக்கிறது, கார் இருக்கிறது. நம் பிள்ளைக்குச் சம்பளம் வந்த முதல் மாதத்திலிருந்தே தம்பியின் பள்ளிச் செலவும் அப்பத்தாவின் மருந்துச் செலவும் காத்திருக்கின்றன.

அப்பாவின் சேமநிதியைப் பற்றி நான் கண்டிப்பாக இருந்தேன். பிள்ளைகளின் உயர்கல்விக்குச் சேமநிதியிலிருந்து எடுக்க விதி இடம் தருகிறது. எடுத்துவிட்டால் அறுபதில் அவன் கையில் என்ன இருக்கும்? நான் ஓய்வூதியக்காரி; மாதம் பிறந்தால் பணம் வருகிறது. பாதுகாவலர் வேலை பார்க்கும் அவனுக்கு அது இல்லை. அவன் முதுமைக்குப் பணம் இல்லாமல் போனால் அதையும் இந்தப் பெண்தான் தூக்க வேண்டும். அது எந்தக் கடன் பத்திரத்திலும் எழுதாத கடன்.

"அப்ப படிக்கவே வேணாங்கிறீங்களா அத்தைப் பாட்டி?" என்று கேட்டாள். முகம் வாடிவிட்டது.

படி என்றுதான் சொன்னேன். எங்கே, யார் காசில், எந்த வாசல் வழியாக என்பதைத்தான் மாற்றிப் பார் என்றேன். ஆறாம் படிவம் அரசாங்கப் பள்ளியில் ஏறத்தாழ இலவசம். அதன் முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். கடினம்தான், ஆனால் இவள் உழைக்கிறவள். கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் புலம் இருக்கிறது.  அங்கே இடம் கிடைத்தால் கட்டணம் பெரும்பாலும் அரசாங்கம் தாங்குவது. விடுதிக்கும் சாப்பாட்டுக்குமாக 18,000 கடன் வாங்கினாலும் பத்து ஆண்டில் மாதம் 165-தான். சுங்கை பூலோவில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகம் இருக்கிறது. செரண்டா நிலையத்தில் கொமுட்டர் ஏறினால் போய்விடலாம். டிப்ளோமாவோடு வேலைக்குப் போய்ப் பிறகு பட்டம் படித்தவர்களை நான் வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கைத்திறனுக்கு ஒன்றும் குறைவில்லை. சொந்தமாகத் தாதிமைக் கல்லூரி நடத்தும் சில தனியார் மருத்துவமனைகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குச் செலவு செய்கின்றன. 1977-இன் வழிக்கு இன்று மிக அருகில் இருப்பது அதுதான், தாதிமையில் ஆசையிருந்தால் அதையும் பார் என்றேன்.

இடம் கிடைக்காமல் போகலாம். நம் பிள்ளைகளுக்கு எல்லாத் தகுதியும் இருந்தும் கிடைக்காமல் போனதை நான் பார்த்திருக்கிறேன், அந்த வலி எனக்குத் தெரியும். அப்போது தனியார்ப் படிப்புக்குப் போவதில் தவறில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் கேட்கக் கூச்சப்படக் கூடாது. படிப்புக்கு முழு அங்கீகாரம் உண்டா? 2016-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் 23 தொழில்கள் இருக்கின்றன, பிசியோதெரபியும் அதில் ஒன்று. பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது என்ற நிலை வந்துவிட்டது. இந்தப் பட்டம் அந்தப் பதிவுக்குச் செல்லுமா? எந்த மருத்துவமனையில் பயிற்சி, எத்தனை வாரம்? சென்ற ஆண்டு வெளியே வந்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பட்டதாரிகள் என்ன ஆனார்கள் என்று உயர்கல்வி அமைச்சு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. பல்கலைக்கழகத்திடம் அந்த விவரம் இருக்கும். காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஒரு லட்சம் கொடுக்கிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

அவள் அப்பா வாய் திறக்கவில்லை. கட்டணத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்களை மறுபடி மறுபடி கூட்டிக்கொண்டிருந்தான். "ஆறாம் படிவம்னா இன்னும் ஒன்றரை வருஷம் போயிடுமே அத்தை" என்றான் கடைசியில். போகும். அந்த ஒன்றரை ஆண்டின் விலை என்ன, லட்ச வெள்ளியின் விலை என்ன என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் காட்டினேன். ஏற்றுக்கொண்டானா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அடுத்த வாரம் வங்கியில் கட்டுவதாக இருந்த முன்பணத்தை நிறுத்தி வைத்துவிட்டான்.

அவள் இரண்டையும் செய்திருக்கிறாள். பக்கத்துப் பள்ளியில் ஆறாம் படிவத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு மலாய் மொழியில் ஒரு மின்னஞ்சல் எழுதி, நாங்கள் பேசிய கேள்விகளை அப்படியே கேட்டிருக்கிறாள். அனுப்புமுன் என்னிடம் காட்டினாள். நான் ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொன்னேன்: சென்ற ஆண்டுப் பட்டதாரிகளின் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று தெரிவியுங்கள். பதில் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்தில்லை என்று அவள் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.